அங்கிள் தரும் பத்தாயிரம் வெள்ளி

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வருபவர்கள் ஏஜென்ட்டுக்குக் கட்டும் பணத்தை இரண்டு நாட்டுச் சட்டங்களாலும் ஏன் கட்டுப்படுத்த முடியவில்லை என்பதுதான் என் ஆய்வு. மாத உதவித்தொகை வருகிறது. வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் நிற்பதில்லை. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை பக்கம் மூன்று மாதம் தங்கிப் பேட்டி எடுக்க ஏறத்தாழ 9,000 வெள்ளி ஆகும். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஆய்வேட்டுக்குப் பணம் தருகிறது என்று படித்தேன். எனக்குக் கிடைக்குமா? அப்பா தன் ஓய்வுக்காலச் சேமிப்பான மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) எடுத்துத் தருகிறேன் என்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டுவரும் நிறுவனம் நடத்துகிறார். ‘நம்ம பிள்ளை படிக்கட்டும்’ என்று 10,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறார். வாங்கலாமா? இல்லை, நூலகத்திலேயே முடிகிற மாதிரி தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தலைப்பை மாற்றாதீர்கள். மூன்றாம் ஆண்டில் தலைப்பை மாற்றுவது என்பது கிளம்பத் தயாரான விமானத்திலிருந்து பெட்டியை இறக்கச் சொல்வது போல. இங்கே ஆய்வு உதவித்தொகை பொதுவாக நான்கு ஆண்டுக்குத்தான். அதில் மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கிள் பணத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அமெரிக்கா. நீங்கள் படித்த மானியம் முன்பு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் திட்டமாக இருந்தது. 2020இல் அது அந்தச் சங்கத்தின் கைக்கு வந்தது. தொகை 10,000 முதல் 15,000 அமெரிக்க டாலர் வரை இருந்தது. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதிந்த மாணவராக இருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு இல்லை. இருந்தாலும் அதன் விண்ணப்ப விதிகளை ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் காரணம் எழுதச் சொல்கிறார்கள். அப்படி எழுதப் பழகிவிட்டால் மற்ற எந்த விண்ணப்பமும் பாதி முடிந்த மாதிரி.

அமெரிக்காவிலேயே ஹொரோவிட்ஸ் சமூகக் கொள்கை அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. அது சமூகக் கொள்கை ஆய்வேடுகளுக்கென்றே உள்ளது. எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுத் தலைப்பு பல்கலைக்கழகத்தில் முறைப்படி ஏற்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது இதுதான். போட்டி கடுமை, அதனால் இதை மட்டும் நம்பி விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். வென்னர்-கிரென் அறக்கட்டளையும் எந்த நாட்டவருக்கும் களப்பணிக்குப் பணம் தரும், ஆனால் அது மானுடவியலுக்கானது. உங்கள் ஆய்வுக்கு மானுடவியல் சட்டை மாட்டி அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள் மானுடவியலாளர்கள். இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உள்ளூரில் சிங்கா உதவித்தொகை என்று நண்பர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது அறிவியல், பொறியியல் பக்கம். 2016இல் தொடங்கிய சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் பெரிய மானியங்களுக்குப் பேராசிரியர்கள்தான் தலைமை தாங்க முடியும், மாணவர்கள் அல்ல. ஆனால் உங்கள் நெறியாளரிடம் அப்படி ஏதாவது மானியமோ, கல்வி அமைச்சின் ஆய்வு நிதியோ இருந்தால், அதில் களப்பணிக்கு ஒதுக்கியது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்கும்போதே, எடுக்கும் பேட்டிகளை உங்கள் ஆய்வேட்டில் யார் அனுமதியும் கேட்காமல் பயன்படுத்தலாமா என்பதையும் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு, பிறகு முகம் திரிந்து போன நெறியாளர்களையும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், துறை அலுவலகம். களப்பணிக்கும் மாநாட்டுக்கும் என்று அங்கே சிறு தொகைகள் இருப்பது வழக்கம். கேட்பவர்கள் குறைவு. 9,000 வெள்ளியையும் ஒரே இடத்தில் கேட்காதீர்கள். ஓரிடத்தில் விமானச் செலவு, இன்னோரிடத்தில் தட்டச்சுச் செலவு என்று பிரித்துக் கேளுங்கள். சின்னத் தொகை கேட்டால் சீக்கிரம் கையெழுத்தாகும். முதல் தொகை கிடைத்ததும் அதைச் சொல்லி அடுத்ததைக் கேட்கலாம். ஒருவர் நம்பிவிட்டார் என்று தெரிந்தால் அடுத்தவருக்குத் துணிச்சல் வரும். மொய் எழுதும் வீட்டில் முதல் கவர் விழுகிற மாதிரிதான்.

என் கதை ஒன்று. முப்பது வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒரு விண்ணப்பம் போட்டேன். கடைசி வரியில் ‘பிற செலவுகள் 2,000 வெள்ளி’ என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரணமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து நானே விண்ணப்பங்களைப் படிக்கும் குழு ஒன்றில் உட்கார்ந்தபோது புரிந்தது. எடுத்தவுடன் எல்லாரும் திருப்பிப் பார்ப்பது செலவுப் பக்கத்தைத்தான். இந்த ஆள் அந்த ஊருக்குப் போயிருக்கிறாரா, இல்லை வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுதுகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். பார்த்தேன். திருச்சி விமானம், அறை வாடகை, பேருந்து, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. தட்டச்சைக் காணோம். நாற்பது பேரிடம் பேசப் போகிறீர்கள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் 300 மணி நேரம். அதுவும் ஸ்டுடியோவில் பதிவானது அல்ல. பின்னால் மின்விசிறி சத்தம், திண்ணையில் பிள்ளை அழும், நடுவில் மாமியார் வந்து ‘அவன் சொல்றது தப்பு, நகை வச்சது ரெண்டு தடவ’ என்பார். அந்த ஒரு வரியைப் பிடிக்கத்தான் நீங்கள் கடல் தாண்டிப் போகிறீர்கள். இயந்திரத்திடம் கொடுத்தால் அதைத்தான் முதலில் விட்டுவிடும். எனவே அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஒருவருக்குக் கூலி போடுங்கள். எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.

இங்கே எடுக்கும் பேட்டிகளுக்கும் கணக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஓர் ஊழியரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், அவருடைய ஒரே ஓய்வு நாளில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு சாப்பாடும் போன் டாப்-அப்பும் கொடுப்பதுதான் முறை. எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவும் கேட்கும். அந்த ஒப்புதல் கையில் வராமல் ஒரு பேட்டிகூட எடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற சுற்றுலா விசாவில் ஆய்வு செய்ய முடியாது. இந்தியாவில் ஆய்வுக்கென்று தனி விசா இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் 2021 அறிவிப்புப்படி ஆய்வுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அடையாற்றில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் உங்கள் துறைக்காரர்கள் இருக்கிறார்கள். நெறியாளரை எழுதச் சொல்லுங்கள். பணம் வந்தபிறகு விசா பார்க்கலாம் என்று இருந்தால், பணம் வந்து விசா வராமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

விண்ணப்பத்தின் முதல் பத்திக்கு வருவோம். ‘புலம்பெயர் ஊழியர்கள் உலகெங்கும் பல சவால்களை எதிர்கொள்கின்றனர்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். உங்கள் கையில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி ஊழியரிடம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தியாவில் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம். அதிகம் படிக்காத ஊழியர்கள் குடிபெயர்வு அனுமதி வாங்கியே போக வேண்டிய 18 நாடுகளில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது, நடுவில் ஒரு வண்டிப்பாதையும் இருக்கிறது. ‘டெஸ்ட் அடிக்க’, அதாவது வேலைத்திறன் தேர்வு எழுத, ஒரு தொகை, பெர்மிட்டுக்கு ஒரு தொகை என்று வாங்கும் ஊர் ஏஜென்ட் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரைச் சட்டப் புத்தகத்தில் தேட முடியாது, பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில்தான் தேட வேண்டும். ஏன் நேரில் போக வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். இதை எழுதினால் பணம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

அப்பாவின் மசேநிதியைத் தொடாதீர்கள். அவர் மனசு பெரிசு, சரி. அது அவருடைய முதுமைக்குச் சோறு. ‘படிப்புக்கு ஊரில் கையேந்துவதா’ என்று அவர் வருத்தப்பட்டால் ஒன்று சொல்லுங்கள். 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியது மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக. உழைக்கும் மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். கேட்டவரை யாரும் குறைவாக நினைக்கவில்லை. அப்பா வயதுக்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது.

இனி அங்கிள். வாங்காதீர்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிபந்தனையும் போடாமல்தான் தருவார், நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்த மனிதர். சிக்கல் வேறு இடத்தில். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் பணம் தந்தவர் பெயரைப் போட வேண்டும். ஏஜென்ட் கட்டணம் பற்றிய ஆய்வுக்கு ஆள் கொண்டுவரும் நிறுவனம் பணம் கொடுத்தது என்று படித்த பிறகு, தேர்வாளர் மற்ற பக்கங்களை வேறு கண்ணால்தான் படிப்பார். பெயரைப் போடாமல் விட்டாலோ இன்னும் மோசம். பட்டுக்கோட்டையில் உங்களிடம் வாய் திறந்த ஊழியருக்கு அது தெரிந்தால், அடுத்த முப்பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் அங்கிள் தொழிலைப் பற்றி ஒரு கடுமையான வாக்கியம் எழுத வேண்டி வந்தால், தீபாவளிக்கு அவர் வீட்டில் முறுக்கு சாப்பிட்டது நினைவுக்கு வரும், பேனா நிற்கும். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நீங்களாகவே நிறுத்துவீர்கள்.

முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை போய்வாருங்கள். ‘அங்கிள், பணம் வாங்கினால் பல்கலைக்கழகத்தில் கேள்வி வரும். ஆனால் உங்களிடம் எனக்கு வேறொன்று வேண்டும். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் பேட்டி தருவீர்களா?’ என்று கேளுங்கள். பெயர் வராது என்று எழுதிக் கொடுங்கள். இதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகுதான். அவர் சிரித்துவிட்டு மறுக்கலாம். சரி என்றால், அந்த ஒலிப்பதிவை மட்டும் தட்டச்சுக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். ஐந்து மணி நேரம் ஆனாலும் நீங்களே உட்கார்ந்து அடியுங்கள்.