மோட்டாரை மாற்றுவதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள்

அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டூ இன் ஒன்னில் ரேடியோ நன்றாகப் பாடுகிறது, கேசட் போட்டால் மட்டும் குரல் இழுக்கிறது, கடைக்காரர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். எனக்கென்னவோ மோட்டாரின் சுழற்சியை நாடா ஓட்டும் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் மீதுதான் சந்தேகம்.

இத்தனை வருஷத்தில் அந்த ரப்பர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தார் மாதிரி உருகி, அது சுற்றும் சக்கரமான புல்லியில் ஒட்டியிருக்கும். உருகியிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நான் தொட்டேன், சட்டை, மேஜை, கதவுப் பிடி வரை கறுப்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். அப்புறம் பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5, 6 சதவீதம் குறைந்த சுற்றளவில் புது பெல்ட் வாங்குங்கள். சென்னை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். திறந்த கையோடு, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் துடைத்துவிடுங்கள்.

நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். அதை யார் அளப்பது? தெரிந்த பாட்டு ஒன்றை ஃபோனிலும் கேசட்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பின்தங்கினால், பல மோட்டார்களின் பின்பக்கம் சின்ன ஓட்டைக்குள் வேகத்தைச் சரிசெய்யும் ஒரு திருகு இருக்கும். மயிரிழை அளவு திருப்பினால் போதும்.

அப்பா குரல் பதிந்த கேசட்டை மட்டும் முதலில் போடாதீர்கள். நாடா சிக்கினால் போச்சு. வீட்டில் யாரும் தேடாத கேசட் ஒன்று கட்டாயம் இருக்கும், சோதனைக்கு அதை எடுங்கள்.