சம்மர்ல சோசியாலஜியா? செந்தூல் அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, நேத்து நீங்க போட்ட வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், ஜாம்ல மாட்டிக்கிட்டு இருந்ததால உடனே பதில் போட முடியல. மக அமெரிக்காவுல, மினசோட்டாவுல முதல் வருசம் முடிச்சிட்டு லீவுக்கு மலேசியா வர்றா, வந்த எடத்துல சும்மா இருக்காம ஆன்லைன்ல சம்மர் கிளாஸ் எடுக்குறேங்கிறா, அதுவும் சோசியாலஜி, அதாவது சமூகவியல். "கம்ப்யூட்டர் படிக்க அனுப்புன புள்ளைக்கு இது எதுக்கு தம்பி, எவன் வேலை குடுப்பான்"னு கேக்குறீங்க.

பதறாதீங்க, அவ மேஜர, அதாவது டிகிரியோட முக்கியப் பாடத்த, மாத்தல. அமெரிக்காவுல பெரும்பாலான யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் படிச்சாலும் சமூக அறிவியல்ல ஒன்னு ரெண்டு பாடம் எடுத்துத்தான் ஆகணும், எப்படியும் எடுக்க வேண்டியத முன்னாடியே முடிக்கப் பாக்குறா, புத்திசாலிதான். சொந்தக்காரங்க யாராவது ஒன்னுத்துக்கும் ஆகாத பாடம்னு சொன்னா, அங்க டாக்டருக்குப் படிக்கப் போறவங்க எழுதுற எம்கேட் பரீட்சையிலயே 2015-ல இருந்து சைக்காலஜியும் சோசியாலஜியும் ஒரு தனிப் பகுதியா இருக்குன்னு சொல்லுங்க, வாய அடைக்க அது போதும்.

என் கவலை பாடம் இல்லக்கா, நாள் கணக்கு. மூணு கிரெடிட் பாடம்னா சாதாரண செமஸ்டர்ல வாரம் 3 மணி நேரம் கிளாஸ், 6 மணி நேரம் சொந்தமா படிக்கிறது, இப்படி 15 வாரம், மொத்தம் 135 மணி நேரம்னு ஒரு பொதுக் கணக்கு. அதையே 5 வார சம்மர்ல அடைச்சா வாரத்துக்கு 27 மணி நேரம் வருது, கிட்டத்தட்ட ஒரு வேலைக்குப் போற மாதிரி. நீங்க என்னடான்னா பகல்ல கடையப் பாத்துக்குவா, ஜூன்ல ஈப்போ கல்யாணத்துக்கு நாலு நாள் போவோம்னு சொல்றீங்க. போன வருசம் ஒரு பையன் இப்படித்தான் மாலுல பார்ட் டைம் வேலையும் சம்மர் பாடமும் சேத்து எடுத்தான், ரெண்டாவது வாரமே மூணு அசைன்மென்ட் தேங்கிடுச்சு, அப்புறம் எந்திரிக்கவே முடியல. 15 வாரத்துல ஒரு வாரம் போனா சமாளிக்கலாம், அஞ்சுல ஒன்னு போனா எங்க போறது? 10 வார செஷன் இருந்தா கண்ண மூடிக்கிட்டு அத எடுக்கச் சொல்லுங்க, பாதி பாரம் கொறைஞ்சிரும்.

நேரமும் இடிக்கும். சம்மர்ல மினசோட்டா நமக்கு 13 மணி நேரம் பின்னாடி. ஞாயித்துக்கிழமை ராத்திரி 11.59-க்குள்ள அனுப்பணும்னா நமக்கு திங்கக்கிழமை மத்தியானம் 12.59, அது நல்லதுதான், ஆனா அங்க காலையில 10 மணிக்கு லைவ் கிளாஸ் வச்சா இங்க ராத்திரி 11 மணி லா. ரெக்கார்டிங் பாத்தா போதுமா, லைவ்லயே உக்காரணுமான்னு பதியுறதுக்கு முன்னாடியே கேக்கணும்.

இன்னொன்னு, கம்ப்யூட்டர் புள்ளைங்க இந்தப் பாடத்த லேசுன்னு நெனைச்சி கோட்டை விடுறது உண்டு. கணக்கு இல்லதான், ஆனா படிக்கிறதும் எழுதுறதும் நெறைய. டர்கைம், மார்க்ஸ், வெபர்னு இந்தப் பாடத்துல வர்ற பெரிய அறிஞர்ங்க பேர மனப்பாடம் பண்ணா மார்க் வராது, ஒரு விசயத்துக்கு ஆள் மேல பழி போடாம அவன சுத்தி இருக்குற காரணத்தப் பாக்கத் தெரியணும். நம்ம நாட்டு சோசியாலஜி அறிஞர் சையட் ஹுசேன் அலாட்டாஸ் 1977-லயே இதப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. மலாய்க்காரங்க சோம்பேறின்னு வெள்ளக்காரன் எழுதி வச்சானே, அவங்க சோம்பேறி இல்ல, சொந்த நெலமும் பொழப்பும் இருந்துச்சு, அவன் சொன்ன கூலிக்கு தோட்டத்துலயும் ஈயச் சுரங்கத்துலயும் போய் மாடா ஒழைக்க மாட்டேன்னாங்க, அதுக்கு அவன் வச்ச பேருதான் அதுன்னு வெளக்குனாரு. தோட்ட வேலைக்கு நம்ம தாத்தா பாட்டிய கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்த கதையும் இதோட ஒட்டுனதுதானே. அமெரிக்க சிலபஸ்ல இவரு பேரு இல்லாமப் போகலாம், அசைன்மென்ட்ல அவளே கொண்டு வந்தா லெக்சரர் நிமிந்து உக்காருவாரு.

வேலைக்கு இது ஒதவுமான்னா, இந்த ஒத்தப் பாடத்த வச்சி யாரும் வேலை தர மாட்டாங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஆப்ப மக்கள் எப்படி பயன்படுத்துறாங்கன்னு பேசிப் பாத்து கண்டுபிடிக்கவே கம்பெனிங்க ஆள் எடுக்குது, கம்ப்யூட்டர் கோடும் எழுதி மனுசங்களையும் கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு அங்க எடம் இருக்கு.

இப்ப அவ செய்ய வேண்டியது, இந்தப் பாடம் டிகிரிக்கு கணக்குல வரும்னு அட்வைசர்கிட்ட ஈமெயில்ல எழுதி வாங்கணும், வாயால சொன்னது செல்லாது. வேற காலேஜ்ல எடுத்தா கட்டாயம் வாங்கணும். ஸ்காலர்ஷிப் சம்மர் பீஸுக்கும் வருமா, எந்த தேதிக்குள்ள விட்டா காசு திரும்பக் கெடைக்கும்னும் கேக்கச் சொல்லுங்க, டாலர்ல கட்டிட்டு நம்ம வெள்ளியில (ரிங்கிட்ல) அழ வேணாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் சோசியாலஜி புத்தகம் ஆன்லைன்ல இலவசமாவே இருக்கு, கிளாஸ் தொடங்குறதுக்கு முன்ன ரெண்டு மூணு சாப்டர் படிச்சி வைக்கட்டும்.

சிலபஸ் கைக்கு வந்ததும் எனக்கு வாட்ஸப் பண்ணச் சொல்லுங்க, ஈப்போ கல்யாணத் தேதியையும் பக்கத்துல வச்சிப் பாத்துருவோம்.