செட்டில் குமட்டினால் யாரிடம் சொல்வது?

முப்பது வருடமாகப் படப்பிடிப்புகளில் ஹேர் டிரஸ்ஸராக இருக்கும் அக்காவிடம் வாசகர்கள் கேட்கும் பகுதி.

கேள்வி: அக்கா, உதவி இயக்குநராக எனக்கு இது முதல் படம். கண்டினியூட்டி, அதாவது முந்தின ஷாட்டில் இருந்த உடை, பூ, பொருள் எல்லாம் அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நாலு மணிக்குப் பிக்கப் வண்டி, ஆறரைக்கு முதல் ஷாட். பதினொரு மணிக்கு மேல் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. போன வாரம் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சொன்னால் 'பொண்ணுங்களைச் சேர்த்தாலே இப்படித்தான்' என்பார்களோ என்று பயம். என்ன செய்வது? – பெயர் வேண்டாம், சாலிகிராமம்

பதில்: கண்ணு, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். வண்டி ஏறியதிலிருந்து மதியம் வரை எத்தனை தடவை பாத்ரூம் போகிறாய்? ஒரு தடவைகூட இருக்காது. பாத்ரூம் உள்ள கேரவன் வண்டி ஹீரோயினுக்கு. நாம் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டோம். அதற்குள் புரொடக்‌ஷன் தம்பி மூன்று டீ கொடுத்திருப்பான். வெறும் வயிற்றில் டீ, தலைக்கு மேல் வெயில். குமட்டாமல் என்ன செய்யும்?

நானும் இதில் பட்டவள்தான். மேக்கப் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தேன். அப்போது பெண்களுக்குச் சங்கம் மேக்கப் கார்டு தராது, தலை வாரத்தான் விடுவார்கள். (அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-இல். அதற்குள் என் தலையே நரைத்துவிட்டது.) ஒரு மே மாதம், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டில் ஷூட்டிங். செருப்பைத் தாண்டி மணல் சுடுகிறது. எனக்கு முந்தின நாளிலிருந்தே வயிறு சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கையால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஹீரோயின் தலையில் மல்லிகைச் சரத்தைச் சொருகினேன். முந்தின ஷாட்டில் சரம் வலது தோளில் கிடந்தது. நான் இடது தோளில் தொங்கவிட்டேன். உன் வேலையைப் பார்த்த பையனும் கவனிக்கவில்லை. சென்னைக்கு வந்து எடிட்டிங்கில்தான் தெரிந்தது. ஒரே ஒரு க்ளோசப்புக்காக ஸ்டுடியோ ஃப்ளோரில் செம்மண் கொட்டி மறுபடி எடுத்தார்கள். அன்றைக்கு நான் பத்து நிமிஷம் கேட்டிருந்தால் அந்தச் செலவு இல்லை.

அதனால் சொல்லிவிடு. டைரக்டரிடம் வேண்டாம், கோ-டைரக்டரிடம் சொல். ஷாட் ரெடி என்ற பிறகு போய் நிற்காதே, லைட்டிங் மாற்றும்போது போ. 'ஒரு மாதிரியா இருக்கு சார்' என்று இழுக்காதே. 'சார், வாந்தி வருது, பதினஞ்சு நிமிஷம் வேணும். நோட்டும் போட்டோவும் கிளாப் அடிக்கிற தம்பிகிட்ட குடுத்திருக்கேன்' என்று சொல். வேலை நிற்காது என்று தெரிந்தால் பெரும்பாலும் 'போம்மா' என்றுதான் சொல்வார்கள். அதற்கும் முணுமுணுக்கிற ஆளாக இருந்தால், படம் முடிந்ததும் வேறு கம்பெனி பார்.

வண்டி ஏறும் முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடு. பையில் ஓ.ஆர்.எஸ். வைத்துக்கொள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். நம் ஆட்கள் அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடித்துவிட்டு இன்னும் அவஸ்தைப்படுவார்கள். பாக்கெட் கிடைக்கவில்லையா, ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்ததும் மடமடவென்று குடிக்காதே. பத்து நிமிஷம் பொறுத்து, ஒவ்வொரு வாயாகக் குடி. அப்புறம், லொகேஷன் பார்க்கப் போவாய் அல்லவா? சூரியன் எந்தப் பக்கம் என்று எழுதும் நோட்டிலேயே பாத்ரூம் எந்தப் பக்கம் என்றும் எழுது. மேனேஜரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேமராவைக் கையில் பிடித்து ஹேண்ட்ஹெல்டு ஷாட் எடுக்கிற நாளில்தான் அதிகமாகக் குமட்டுகிறதா என்றும் பார். மானிட்டரில் படம் ஆடும், உன் உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கும். மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருமே, அதே கோளாறுதான். டேக் முடிந்ததும் தூரத்தில் அசையாத எதையாவது பார். சாம்பிராணிப் புகை போட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், கட் சொன்னதும் வெளியே போய் நாலு மூச்சு விட்டுவிட்டு வா.

டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்து நடித்தார், வேலை பார்த்தார் என்று பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வாந்தி நிற்கவில்லை, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பேச்சு குழறுகிறது என்றால், ஷாட்டாவது ஒன்றாவது, நேரே ஆஸ்பத்திரி. இதெல்லாம் இல்லாமல் தினமும் தலை சுற்றினாலும் ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பார், ரத்தப் பரிசோதனை செய். நம் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை.

கேள்வி: அக்கா, பாட்டு ஷூட்டிங்குக்காக லடாக்கில் இருக்கும் லே போகிறோம். நான் கேமரா அசிஸ்டென்ட். பயப்பட ஏதாவது இருக்கிறதா? – ஒரு வாசகர், வடபழனி

பதில்: இருக்கிறது தம்பி. லே 3,500 மீட்டர் உயரம். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். விமானத்தில் போனால் டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள், உடம்புக்குப் பழக நேரமே இருக்காது. நான் போனபோது முதல் நாள், ஹோட்டல் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கையில் இருந்தது விக் பெட்டி மட்டும்தான். நீ கேமரா பெட்டி தூக்கப் போகிறாய்.

முதல் இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று மேனேஜரிடம் இப்போதே கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. அந்த நாட்களில் மது வேண்டாம். உயரத்தில் வரும் தலைவலி, மூச்சிரைப்புக்கென்று இருக்கும் மாத்திரையை இங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்கு, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவரிடம் மறக்காமல் சொல். லேசான தலைவலி வந்தால் படுத்திரு. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, உயரத்திலிருந்து கீழே இறக்கச் சொல். ரூமில் கூடத் தங்குகிறவனிடமும் இதைச் சொல்லி வை. தள்ளாடுகிறவனுக்குத் தான் தள்ளாடுவது தெரியாது.