ஓடுகிறவர்களும் புகையிலையும்: கேள்வி பதில்

கேள்வி: 800 மீட்டர் ஓடுகிறேன். தினமும் மூன்று நான்கு சிகரெட்தான். கடைசிச் சுற்றில் கால் கனத்துவிடுகிறது. இதனாலா?

பதில்: பயிற்சிக் குறைவும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் சிகரெட்டைப் பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதனால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். ரத்தத்தில் அந்தக் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். நிகோடின் வேறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பை ஏற்றும். நீங்கள் கோட்டில் வந்து நிற்கும்போதே இதயம் கொஞ்சதூரம் ஓடியிருக்கும்.

கேள்வி: எங்கள் அணியில் சிலர் உதட்டுக்குள் புகையிலை அடக்கிக்கொள்கிறார்கள். புகை இல்லையே, பரவாயில்லையா?

பதில்: இல்லவே இல்லை. புகையில்லாப் புகையிலையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் குறைந்தது 28 இருக்கின்றன. வாய், உணவுக்குழாய், கணையம் மூன்றிலும் புற்று வரலாம். அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் 2014இல் இறந்தபோது வயது 54தான். ஆண்டுக்கணக்காக வாயில் அடக்கிய புகையிலைதான் காரணம் என்று அவர் நம்பினார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உங்கள் நண்பர்கள் யாருக்காவது வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: நிகோடின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லையே?

பதில்: இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா (WADA) 2012 முதல் அதைக் கண்காணித்து மட்டும் வருகிறது. அதை உடம்புக்கு நல்லது என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, கால்பந்து ஆடுகிறான். பையில் வேப் (மின் சிகரெட்) கிடைத்தது. என்ன செய்ய?

பதில்: அடிக்காதீர்கள், அணியிலிருந்தும் நிறுத்தாதீர்கள். விடுவதற்கு அவனுக்கு இருக்கும் நல்ல காரணமே ஆட்டம்தான். ஏறக்குறைய 25 வயதுவரை மூளை வளர்கிறது. அந்த வயதில் நிகோடின் சீக்கிரம் அடிமையாக்கிவிடும். கவனமும் கெடும். புற்றுநோயைச் சொல்லிப் பயமுறுத்தினால் அவனுக்கு அது ஏதோ தாத்தாக்களின் நோய். "எழுந்ததும் அதைத் தேடுகிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: இன்றே விட்டால் மூச்சு எப்போது திரும்பும்?

பதில்: கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இறங்கிவிடும். எரிச்சலும் தவிப்பும் முதல் மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், அப்புறம் சில வாரங்களில் தணியும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள்.