கோவையில் அரங்கேற்றம்: மண்டபமா, கலை அரங்கமா?

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தைக் கோவையில் நடத்த இருக்கிறோம். 300 பேர் வரை வருவார்கள். விருந்துக்கும் வசதியாகத் திருமண மண்டபம் எடுத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். சரியாக வருமா?

பதில்: விருந்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்குக் கலை அரங்கமே வேண்டும். மண்டபத்தின் தரை சமதளம். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும், பாதம் தெரியாது. பாதம் தெரியாமல் அடவை, அதாவது காலும் கையும் சேர்ந்த அடிப்படை ஆட்ட அசைவை, எப்படி ரசிப்பது? இருக்கைகள் படிப்படியாக உயரும் அரங்கைத் தேடுங்கள்.

ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன், கிக்கானி பள்ளியின் சரோஜினி நடராஜ் அரங்கம், மணி மேல்நிலைப் பள்ளியின் நானி கலை அரங்கம், அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் அரங்கம் ஆகியவற்றை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே வேறொருவரின் நடன நிகழ்ச்சி நடக்கும் நாளில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது மேடையின் தரையை. நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். சிமென்ட்டின் மேல் டைல்ஸோ மார்பிளோ பதித்த மேடையில் அவ்வளவு நேரம் தட்டினால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் திரும்பி வரும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட மரப்பலகை மேடை அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். அப்படி மேடை அமையாவிட்டால், ரப்பர் விரிப்பின் மேல் ப்ளைவுட் போட்டு, இணைப்புகள் பிசகாமல் இறுக்கச் சொல்லுங்கள். வெறும் கம்பளம் வேண்டாம். அது நழுவும், தட்டின் ஓசையையும் விழுங்கிவிடும். பக்கவாத்தியக்காரர்கள் உட்கார்ந்த பிறகு ஆடுவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். மிச்சம் 25 அடி அகலமாவது இருந்தால் குழந்தை தயங்காமல் ஆடுவாள்.

அடுத்தது ஒலி. மேடை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். காலி அரங்கு கொஞ்சம் முழங்குவது இயல்புதான், ஆட்கள் நிறைந்ததும் அடங்கிவிடும். ஆனால் பின்சுவரிலிருந்து இன்னொரு கைதட்டல் தனியாகத் திரும்பி வந்தால் யோசியுங்கள். நேரடி ஒலிக்கும் எதிரொலிக்கும் இடையே ஏறத்தாழ 50 மில்லி விநாடிக்கு மேல் போனால் காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும். குரு தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்கு இப்படி எதிரொலி வந்தால், தாளச் சொற்கட்டுக்கு ஆடும் ஜதியில் கால் தடுமாறும். ஆடுபவருக்குப் பாட்டும் தாளமும் நேராகக் கேட்கும்படி மேடையை நோக்கி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் பெருமளவு சரியாகும். ஸ்பீக்கர் வாடகையில் சேருமா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விளக்குக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். முகத்தில் நிழல் விழாமல் இரண்டு பக்கமும் முன்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அபிநயம் தெரியும், அது போதும். கலர் விளக்குகளை மாற்றிமாற்றிப் போடுவது கண்ணசைவைக் கெடுக்கும்.

அப்புறம், கிரீன் ரூமிலிருந்து பார்வையாளர் கண்ணில் படாமல் மேடைக்கு வர வழி இருக்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா, முந்தைய நாள் ஒத்திகைக்கு அரங்கைத் தருவார்களா என்று கேளுங்கள். டிசம்பர், ஜனவரி வார இறுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். அந்த மாதங்களில் வைப்பதாக இருந்தால் குருவிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் இரண்டு மூன்று தேதிகள் வாங்கிக்கொண்டு அரங்க அலுவலகத்துக்குப் போங்கள்.