மீட்டிங்கில் என் பேச்சு எடுபடவில்லை, என்ன செய்வது?

தம்பி, சியாட்டிலுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, மீட்டிங்கில் வாயைத் திறந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, இது நிறத்தாலா, உச்சரிப்பாலா, இல்லை என் மனப்பிரமையா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இங்கே பதினாறு வருடம் ஆகிறது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எது எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பெயரிலேயே வம்பு தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் சர்நேம் கட்டத்தில் இருந்ததால், விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அடித்துவிட்டார்கள். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். ஆபீஸ் அட்டையிலும் அதுவே வந்தது. ‘ஹாய் ஃப்னூ’ என்று மெயில் வரும். கூச்சத்தில் ஒரு வருடம் திருத்தாமலே இருந்துவிட்டேன், மடத்தனம்.

உள்ளே நுழைவதில் நமக்குப் பெரிய தடை இல்லை. 2014-இல் கூகுள் முதன்முதலாகத் தன் அமெரிக்க ஊழியர்களின் இனவாரிக் கணக்கை வெளியிட்டபோது ஆசியர்கள் 30 சதவீதம், கறுப்பினத்தவர் வெறும் 2 சதவீதம். நமக்கு இடிப்பது படி ஏறும்போதுதான். கூகுளில் சுந்தர் பிச்சையும் மைக்ரோசாஃப்டில் சத்யா நாதெல்லாவும் இல்லையா என்பார்கள். உச்சியில் இரண்டு பேர் இருப்பதால் நடுப்படியில் நிற்கிறவனுக்கு என்ன லாபம்? மூன்று வருடம் என் மதிப்பீட்டில் ஒரே வரி: ‘வேலை அருமை, தலைமைத் தோரணை போதாது.’ தோரணை என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. எச்-1பி வேலை விசா பயம். வேலை போனால் வேறு வேலை தேட, இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்போது எவன் கேள்வி கேட்பான்?

கேட்கச் சொன்னது என் டீமில் இருந்த ஒரு கறுப்பினப் பெண், அட்லாண்டாக்காரர். மீட்டிங் முடிந்ததும் இரண்டு வரி மெயில் போடு, ‘நான் முன்வைத்த வழி இது, இன்னின்ன முடிவானது’ என்று எழுது, அப்போது உன் யோசனை வேறொருவர் பெயரில் போகாது என்றார். மதிப்பீட்டு வரிக்கும் உதாரணம் கேட்டு எழுதச் சொன்னார். கேட்டேன். மேனேஜரால் ஒன்றுகூடக் காட்ட முடியவில்லை. அடுத்த சுற்றில் அந்த வரி காணாமல் போனது, பதவி உயர்வுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அவரோடு ஒரு நாள் காலையில் ஒன்றாக ஆபீசுக்குள் நுழைந்தேன். காவலர் அவரை நிறுத்தி அட்டையைக் காட்டச் சொன்னார். பின்னாலேயே போன என் அட்டை பைக்குள் கிடந்தது, யாரும் கேட்கவில்லை. அவர் அங்கே ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவர். அன்று மதியமே நம்மாள் ஒருவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு, அந்தப் பெண்ணைப் பற்றி ‘அதெல்லாம் கோட்டா கேஸ்’ என்றார். நான் பேசாமல் சாப்பிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

அந்த மேசையில் இன்னொன்றும் நடக்கும். ‘ஊர் எது’ என்று தொடங்கி, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று நூல் பிடித்துக்கொண்டே போவார்கள். எதற்கென்று உங்களுக்கே தெரியும். சியாட்டில் நகரசபை 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது சும்மா இல்லை.

உச்சரிப்பை மாற்ற வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள். நாம் ரயில் பிடிக்கிற மாதிரி பேசுகிறோம். அப்புறம், அடுத்த மீட்டிங்குக்கு முந்தைய நாளே உங்கள் யோசனையை மேனேஜருக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.