‘வீட்டில் சொல்லவில்லை’

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. பணி ஓய்வுக்குப் பிறகுதான் ஸ்மார்ட்போன் வாங்கினார். இப்போது நாள் முழுக்க அதிலேயேதான் இருக்கிறார். யார் எந்த லிங்க் அனுப்பினாலும் தொட்டுப் பார்க்கிறார். பாஸ்வேர்டையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு பொய் மருத்துவக் குறிப்பை ஃபார்வர்டு செய்கிறார். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

போன மாதம் அப்படி அவர் போட்ட ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மறைத்து, ‘எங்கள் வீட்டு விஞ்ஞானி’ என்று என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். ஸ்மைலியோடு விளையாட்டாகத்தான் போட்டேன். நிறையப் பேர் ரசித்தார்கள். யாரோ அதை அப்பாவிடம் காட்டிவிட்டார்கள். அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவருக்கும் புரிய வேண்டும் அல்லவா?

அவர் பணத்தை இழந்துவிடாமல் இருக்க அந்த போனில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? அவருக்குத் தெரியாமல் ஒரு கண்காணிப்புச் செயலி போடலாமா என்று யோசிக்கிறேன். இணையத்தில் பாதுகாப்பு, நாகரிகம் இரண்டையும் பற்றி நீங்கள் எழுதினால் என்னைப் போன்ற பலருக்குப் பயன்படும்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். படித்த அன்றே எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று 1995 அக்டோபரில் வந்த பழைய வழிகாட்டிக் குறிப்பு ஒன்று உண்டு. ஆர்எஃப்சி 1855 என்று பெயர். உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பதிலை ஓர் இரவு பொறுத்து அனுப்பு என்று அதில் ஒரு வரி வரும். எனக்கு ஏழு இரவு தேவைப்பட்டது. அப்படியும் கோபம் முழுவதும் போகவில்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பாஸ்வேர்டு நோட்டை விட்டுவிடுங்கள். எங்கோ உட்கார்ந்துகொண்டு கணக்குகளை உடைப்பவன் கை உங்கள் அப்பாவின் மேசை டிராயருக்குள் நீளாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட நோட்டில் எழுதிய பத்து வெவ்வேறு பாஸ்வேர்டு எவ்வளவோ மேல். மாதாமாதம் மாற்றச் சொல்லி அவரைப் படுத்தவும் வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது, காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்வதைக் கைவிட்டது. வினோதக் குறிகளைவிட நீளம்தான் முக்கியம் என்றும் சொல்லிவிட்டது. பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள், போதும்.

கண்காணிப்புச் செயலி கூடவே கூடாது. பெற்ற தகப்பனின் கடிதங்களை அவருக்குத் தெரியாமல் பிரித்துப் படிப்பீர்களா? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் மட்டுமா படிக்கிறீர்கள், அந்தச் செயலியை நடத்துகிறவனும் அல்லவா படிக்கிறான்? அதை இத்தோடு விடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒரு காசு இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். சில வருடங்களுக்கு முன் அண்ணியை ஸ்கேன் எடுக்க உள்ளே அழைத்துப் போயிருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இன்று மாலைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. லிங்க்கைத் தொட்டார். உடனே ஒரு போன் வந்தது, மிக மரியாதையான குரல். கேட்டதும் ஓடிபியைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, போனது சிறிய தொகை.

அன்றிரவு குடும்பக் குழுவில் அவரே எழுதினார்: ‘இன்று எனக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது. நான் ஏமாந்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்.’

ஏமாந்தவர் அதைத் தானே வந்து சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்று தெரியவில்லை. நான் எழுதிய பதில் இது: ‘கணக்கு எழுதியே தலை நரைச்ச மனுஷன், ஓடிபியைப் போய் யாராவது சொல்லுவாங்களா அண்ணா?’ கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம். பதினொரு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அண்ணன், ‘ஆமாம்மா, தப்புதான்’ என்று மட்டும் போட்டார்.

நானும் விளையாட்டாகத்தான் போட்டேன், தம்பி. ஸ்மைலியும் போட்டேன். அந்தச் சிரிப்புக் குறி பிறந்ததே எழுத்தில் விளையாட்டு புரியாமல் போனதால்தான். 1982 செப்டம்பரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினியில் எழுதிய வேடிக்கையைச் சிலர் நிஜம் என்று எடுத்துக்கொண்ட பிறகு, முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடலாம் என்று அங்கிருந்த கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார். குறி வந்தது, குழப்பம் தீரவில்லை. ஜஸ்டின் குருகர், நிக்கோலஸ் எப்ளி முதலியவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கேலியா நிஜமா என்பதை எதிராளி நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுகொண்டது 56 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். நாம் எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது. படிக்கிறவருக்கு எழுத்து மட்டும்தான் போகிறது, அதுவும் பதினொரு பேர் சிரிப்புக்கு நடுவில்.

நாற்பது நாள் கழித்து அண்ணனுக்கு இன்னொரு போன் வந்திருக்கிறது. போன பணத்தை மீட்டுத் தரும் பிரிவிலிருந்து பேசுகிறோம் என்றார்களாம். தேதி, தொகை எல்லாம் சரியாகச் சொன்னார்களாம். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் கைமாறும். இழந்ததைத் திரும்பப் பெற்றுத் தருகிறோம் என்று இரண்டாவது வலை விரிப்பது அவர்களுடைய வழக்கமான வேலை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அண்ணனுக்கும் தெரியாது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்போம். யாரிடம் கேட்பார்?

எல்லாம் முடிந்த பிறகு, அவர்களுக்குக் கட்டிய பணத்துக்குக் கணக்கு எழுதி வைத்திருந்த ஒரு நோட்டை அண்ணன் என்னிடம் கொடுத்தார். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தது. தேதி, நேரம், தொகை, விவரம். நான்கு வரிகள். முதல் வரியின் விவரத்தில் ‘செயல்பாட்டுக் கட்டணம். வீட்டில் சொல்லவில்லை’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘வரி. வீட்டில் சொல்லவில்லை.’ மூன்றாவதில் ‘காப்புத் தொகை, திருப்பித் தருவார்கள். வீட்டில் சொல்லவில்லை.’ நான்காவதில் ‘விவரம் கேட்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை.’ முதல் வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே பத்தொன்பது நாள். கையெழுத்து எங்கும் நடுங்கவில்லை. முத்து முத்தாக இருந்தது.

முதல் வரி எழுதிய அன்றே அவர் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் மற்ற மூன்று வரிகளும் இல்லை. இந்த மோசடிகளில் பணம் ஒரு கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே தாவித் தாவிப் போய், சில மணி நேரத்தில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். நடுவில் எங்காவது முடக்க வேண்டுமானால் அந்த முதல் சில மணி நேரத்தில் வங்கிக்குத் தகவல் போக வேண்டும். அந்த நேரத்தைத்தான் வெட்கம் விழுங்கிவிடுகிறது.

மோசடி செய்கிறவன் முதலில் என்ன செய்வான் தெரியுமா? ஆளைத் தனிமைப்படுத்துவான். ‘போனை வைக்காதீர்கள்’, ‘விசாரணை ரகசியமானது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது’ என்பான். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து ‘யாருங்க போன்ல?’ என்று கேட்டுவிட்டாலே அவன் பிழைப்பு கெட்டுப்போகும். அதற்குத்தான் அவ்வளவு மிரட்டலும். என் அண்ணன் விஷயத்தில் அவன் மிரட்ட வேண்டிய தேவையே வரவில்லை. அந்த வேலையை நான் நாற்பது நாள் முன்பே செய்து முடித்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். ‘எப்படி ஏமாந்தீங்க?’ என்று யாரையும் கேட்காதீர்கள். அக்கறையாகக் கேட்டாலும் வேண்டாம். ‘படிச்சவங்களே இப்படியா’, ‘இதுகூடத் தெரியாதா’, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று அதற்கு எத்தனையோ வேஷம் உண்டு. ஒன்றுகூட வேண்டாம். அது காதில் கேள்வியாக விழுவதே இல்லை, தீர்ப்பாகத்தான் விழுகிறது. ஒருவர் ஏமாந்தேன் என்று வந்து நின்றால், ‘எப்போ? வங்கிக்குச் சொல்லியாச்சா? வாங்க, இப்பவே கூப்பிடுவோம்’ என்பதைத் தவிர நம் வாயிலிருந்து வேறு எதுவும் வர வேண்டியதில்லை. எப்படி நடந்தது என்று அவரே ஒரு நாள் சொல்வார். சொல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. திட்டம் போட்டுத் திருடுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் கூட்டத்திடம், ஆஸ்பத்திரி பெஞ்சில் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் தோற்பதில் என்ன கேவலம்? வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடிப் போனால் வீட்டுக்காரரைப் பார்த்து யாராவது சிரிப்போமா?

இப்போது உங்கள் பதிவைப் பற்றி. பெயரை மறைத்தேன் என்கிறீர்கள். யாரிடமிருந்து மறைத்தீர்கள்? உங்கள் பக்கத்தில் ‘எங்கள் வீட்டு’ என்று எழுதினால் அது யார் என்று தெரியாதவர்கள் ரசித்தார்கள், தெரிந்தவர்கள் போய்க் காட்டினார்கள். பொய்ச் செய்தியைப் பரப்புவது தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உங்கள் அப்பாவின் தனிப்பட்ட முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திச் சரடுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், பொய் உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் போனதற்கு இயந்திரக் கணக்குகளைக் காரணம் காட்ட முடியவில்லை. பகிர்ந்த மனிதர்கள்தான் காரணம். உங்கள் அப்பா கெட்ட எண்ணத்தில் ஒன்றும் அனுப்பவில்லை. யாருக்காவது உதவும் என்று அனுப்பினார். தனியாக ஒரு போன் போட்டு, ‘அப்பா, இது தப்புன்னு டாக்டருங்க சொல்றாங்கப்பா’ என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மறைத்து, தலைப்பு யோசித்துப் போட்ட நேரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

‘அவருக்கும் புரிய வேண்டும் அல்லவா’ என்று கேட்டிருந்தீர்கள். புரிந்துவிட்டது, தம்பி. எதுவானாலும் இந்தப் பையனிடம் சொல்லக் கூடாது என்று அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவர் போனில் நீங்கள் எதைப் போட்டு வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் அந்தப் பதிவை எடுங்கள். மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கும் நகல்களை உங்களால் எடுக்க முடியாது, உங்களுடையதையாவது எடுங்கள். மன்னிப்பை மெசேஜில் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், முடியாவிட்டால் குரலில் பேசுங்கள். பிறகு ஒரு நாள், உங்களுக்கே வந்த ஒரு மோசடி மெசேஜை அவரிடம் காட்டி, ‘இதைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் பயந்துட்டேன்பா’ என்று சொல்லுங்கள். பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை, யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் அப்படி ஒன்று நிச்சயம் வந்திருக்கும். சந்தேகம் வந்தால் மெசேஜில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடலாம் என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அண்ணன் இப்போது என்னைக் கூப்பிடுகிறார். அதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. போன வாரம் மதியம் கூப்பிட்டு, வங்கியிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு மெசேஜை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். புள்ளி, கோடு, மறுபடியும் புள்ளி என்று. நான் இடையில் பேசாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். இருபது நிமிடம் ஆனது. பிறகு இருவருமாக வங்கியின் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். அது நிஜமாகவே வங்கி அனுப்பியதுதான்.

‘சும்மா உன் நேரத்தை வீணாக்கிட்டேனோ?’ என்றார்.

‘இல்லண்ணா, அடுத்த தடவையும் கூப்பிடு’ என்றேன்.

அன்புடன்,
அக்கா